மாரிஜானைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

2010 அக்டோபர் 25, காலை ஆறு மணி. இந்தோனேசியாவின் எரிமலைக் கண்காணிப்புத் துறை, ஜாவா தீவின் மெராபி மலைக்கான எச்சரிக்கையை நான்காம் நிலைக்கு உயர்த்தியது. நான்குக்கு மேல் நிலை கிடையாது. சரிவில் இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போனது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மலை வெடித்தது. கிடைத்த அவகாசம் முப்பத்தைந்து மணி நேரம். மூட்டை கட்ட, மாட்டை அவிழ்க்க, பிள்ளைகளை வண்டியில் ஏற்ற அது போதும். ஆனால் உச்சிக்கு மிக அருகில் இருந்த கினாரெஜோ ஊரில் 83 வயது மாரிஜான் இறங்க மறுத்துவிட்டார்.

ஊரே அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டது. யோக்யகர்த்தா சுல்தான் 1982இல் அவரை மலைக்குக் காவலராக நியமித்திருந்தார். ஆண்டுக்கொரு முறை அரண்மனையிலிருந்து வரும் துணிமணிகளையும் படையல் பொருள்களையும் ஊர்வலமாக எடுத்துப்போய் மலைக்குப் படைப்பது அவர் பணி. மலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தன்னுடையது, அதை விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்பது அவர் நிலை. மீட்புக்குழு போனபோது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தபடி அவர் உடல் கிடந்தது. அன்று மாலை மட்டும் முப்பதுக்கும் அதிகமானோர் செத்தார்கள். அவர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பத்திரிகையாளரும், மிச்சமிருந்தவர்களை இறக்கிக் கூட்டிவரப் போன ஒரு தொண்டரும் அதில் அடக்கம்.

இந்தக் கதையை நம் பகுத்தறிவு மேடை எதிலாவது சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "மலைக்குப் படையல் போட்டார், மலை அவரையே படையலாக எடுத்துக்கொண்டது" என்பார் ஒருவர். கைதட்டல் விழும். மூடநம்பிக்கை ஆளைக் கொல்லும் என்று முடிவுரை வாசித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவோம்.

முடிவுரையில் எனக்குச் சண்டை இல்லை. மலைக்குக் காது கிடையாது. பட்டுத்துணிக்கும் பாறைக்குழம்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கைதட்டுகிறவர்களிடம்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. அடுத்த நீண்ட விடுமுறைக்கு எங்கே போவதாக உத்தேசம்? மலையேற்றம் என்றால் எந்த மலை? அந்த மலைக்கு இன்று எந்த நிலை எச்சரிக்கை என்று யாரைக் கேட்டீர்கள், டிக்கெட் விற்கிறவரையா?

மெராபி, யோக்யகர்த்தா நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 2,900 மீட்டர். யோக்யகர்த்தா, பல்கலைக்கழகங்கள் குவிந்த மாணவர் நகரம். அந்த ஊருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு இந்த மலைதான். தெற்குச் சரிவில் காலியுராங் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்திலிருந்தே வெயிலுக்குத் தப்பி ஓடுகிறவர்கள் ஒதுங்கும் இடம். வடக்கே செலோ. உச்சிக்கு ஏறுகிறவர்கள் அங்கிருந்து நள்ளிரவில் டார்ச்சோடு நடக்கத் தொடங்கி, மேலே நின்று சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். 2018 மே மாதம் ஒருநாள் காலை, நூற்றுக்கும் மேற்பட்டோர் மலையில் இருக்கும்போதே அது நீராவியும் சாம்பலுமாகக் கக்கியது. அதிர்ஷ்டம், யாரும் சாகவில்லை. அதன்பிறகு உச்சிப் பாதையை மூடிவிட்டார்கள்.

இந்த மலை கொல்லும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். நாம் சினிமாவில் பார்ப்பதுபோல் சிவப்புக் குழம்பு மெதுவாக வழிந்து வந்து, கதாநாயகன் ஓடித் தப்பிக்க நேரம் கொடுப்பதில்லை. பிசுபிசுப்பான குழம்பு உச்சியிலேயே குவிந்து மேடாகி நிற்கும். மேடு தாங்காமல் சரியும்போது கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறைத்துண்டுகளும் ஒன்றாகக் கலந்து, பல நூறு டிகிரி வெப்பத்தில், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பள்ளத்தாக்குகளில் பாய்ந்து இறங்கும். சுடுமேகம் என்று வைத்துக்கொள்வோம். 1930இல் இப்படி 1,300க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1994 நவம்பரில் துர்கோ என்ற ஊரில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது சுடுமேகம் வந்தது. அந்த வெடிப்பில் அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

2006இல் மலை மறுபடி கனன்றது. அப்போதும் மாரிஜான் இறங்கவில்லை. அரசு சொன்னது, சுல்தானின் அரண்மனையிலிருந்தும் சொன்னார்கள், கிழவர் அசையவில்லை. சுடுமேகம் வேறு பக்கம் போனது, அவர் பிழைத்துக்கொண்டார். அவ்வளவுதான், நாடு முழுக்க நாயகன் ஆகிவிட்டார். சக்தி பானம் ஒன்றின் விளம்பரத்தில் அவரை நடிக்க வைத்தார்கள். படித்தவர்கள் நடத்தும் கம்பெனி, படித்தவர்கள் எடுத்த விளம்பரம், நகரத்து வீடுகளின் தொலைக்காட்சி. அவருடைய நம்பிக்கையை வீரம் என்று பெயர் மாற்றி விற்றவர்களில் ஒருவரும் மலையில் குடியிருக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து அவர் வெந்து செத்ததும் அதே நகரம் தலையில் அடித்துக்கொண்டது, அடப்பாவமே, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு நம்பிக்கையா என்று.

அதே 2006இல், அதே வட்டாரத்தில் நடந்த இன்னொன்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. காலியாடெம் என்ற இடத்தில் சுடுமேகம் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று கான்கிரீட்டில் ஒரு பதுங்கு அறை கட்டியிருந்தார்கள். கனத்த சுவர், இரும்புக் கதவு. ஜூன் 14ஆம் தேதி மக்களை அப்புறப்படுத்திக்கொண்டிருந்த தொண்டர்கள் இரண்டு பேர் அதற்குள் ஓடி ஒளிந்தார்கள். சுடுமேகம் அறையை மூடிப் புதைத்தது. வெப்பம் உள்ளே போனது. இரண்டு பேரும் பிணமாகத்தான் வெளியே வந்தார்கள்.

படையலை நம்பியவர் அந்த ஆண்டு பிழைத்தார். கான்கிரீட்டை நம்பியவர்கள் செத்தார்கள். படையலுக்குச் சக்தி உண்டு என்று இதிலிருந்து யாராவது வாதாடினால், அவருக்குத் தர்க்கம் தெரியாது என்போம். சரிதான். ஆனால் கான்கிரீட் சுவர் அந்த வெப்பத்தைத் தாங்கும் என்று நம்பியதற்கு மட்டும் எந்த ஆதாரம் இருந்தது? எந்தச் சோதனை நடந்திருந்தது? எஞ்சினியர் கட்டியது என்பதாலேயே ஒன்று அறிவியல் ஆகிவிடாது. சோதித்துப் பார்க்காத சுவர்மேல் வைக்கும் நம்பிக்கை, பேன்ட் போட்ட மூடநம்பிக்கை.

இன்றைக்கு அந்தப் பதுங்கு அறை ஒரு சுற்றுலாத்தலம். யோக்யகர்த்தாவுக்குப் போகிறவர்கள் 'லாவா டூர்' என்ற ஜீப் சவாரியைத் தவறவிடுவதில்லை. மேற்கூரை இல்லாத பழைய ஜீப், தலைக்கு ஹெல்மெட், மூக்குக்கு முகக்கவசம். மேடு பள்ளத்தில் குதித்து, ஆற்றுத் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு, எல்லாரும் கூவும்படி ஓட்டுவார்கள். வழியில் மனித முகம் போன்ற ஒரு பெரும்பாறை; 2010இல் மலை உருட்டிவிட்டது, அதன்முன் படம். அப்புறம் பதுங்கு அறை, அங்கே ஒரு படம். இடையில் ஒரு வீடு வரும்.

அந்த வீட்டை அப்படியே காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பெயர், 'எஞ்சிய என் சொத்து'. உள்ளே கரிந்த மோட்டார் சைக்கிள் சட்டம் நிற்கிறது. இருக்கையும் டயரும் இல்லை, இரும்பு மட்டும். உருகி ஒட்டிப்போன கண்ணாடிக் குப்பிகள், நெளிந்த பாத்திரங்கள். சுவரில் ஒரு கடிகாரம். அதன் பிளாஸ்டிக் உருகித் தொங்கி, முள் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடத்தில் நின்றுவிட்டது. அது 2010 நவம்பர் 5ஆம் தேதி, பெரிய வெடிப்பு நடந்த நேரம். வாசலில் மாட்டு எலும்புக்கூடு. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு: பிறர் துயரம் உங்களுக்கு வேடிக்கையா என்று. எனக்கு அந்தப் பதற்றத்தில் நம்பிக்கை இல்லை. ஜீப் ஓட்டுகிறவர்களில் பலர் அந்தச் சரிவில் வீடு இழந்தவர்கள். வீட்டைக் காட்சிக்கு வைத்ததும் அந்தக் குடும்பம்தான். தன் இழப்பை வைத்து ஒருவர் பிழைக்கிறார் என்றால் அது அவர் உரிமை. அதற்கு ஒழுக்கச் சான்றிதழ் கொடுக்க நகரத்திலிருந்து ஆள் வரத் தேவையில்லை. எனக்கு உறுத்துவது, அந்த வீட்டில் நின்று படம் எடுக்கிறவர் பார்க்காமல் போகும் ஒரு செய்தி. கடிகாரம் நின்ற அந்த இரவில் சுடுமேகம் கெண்டோல் ஆற்று வழியாக 15 கிலோமீட்டர் தாண்டி ஓடியது. ஆனால் அதற்கு முன்பே, எரிமலைக் கண்காணிப்புத் துறைத் தலைவர் சுரோனோவும் அவர் சகாக்களும் நில அதிர்வையும் செயற்கைக்கோள் படங்களையும் பார்த்துக்கொண்டே இருந்து, ஆபத்து எல்லையை 10 கிலோமீட்டரிலிருந்து 15க்கு விரித்திருந்தார்கள்; அன்றிரவே 20க்கும் விரித்தார்கள். மூன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். மொத்தச் சாவு 350க்கு மேல். அப்புறப்படுத்தாமல் விட்டிருந்தால் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் செத்திருப்பார்கள் என்று விஞ்ஞானிகள் பின்னர் கணக்கிட்டார்கள். பகுத்தறிவு வேலை செய்யும்போது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் அந்த இரவைத்தான் காட்டுவேன். நேற்று சொன்ன எண் இன்று தப்பு என்று தெரிந்ததும், வெட்கப்படாமல் மாற்றிச் சொன்னார்கள்.

எண்ணையே சாமியாக்கிக் கும்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. இலைகள் சிவக்கும் பருவம், நல்ல வெயில், மதியச் சாப்பாட்டு நேரம். ஒன்டாகே எரிமலையின் உச்சியில் மக்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கை நிலை ஒன்று, அதாவது 'இயல்பு'. 11.52க்கு மலை வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். சூடேறிய நிலத்தடி நீர் திடீரென்று ஆவியாகி வெடிக்கும் வகை இது. முன்னறிவிப்பு சொற்பமாகத்தான் கிடைக்கும். அடுத்த ஆண்டே ஜப்பான் அரசு அந்த 'இயல்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் வையுங்கள் என்று எழுதியது. உச்சியில் சாப்பிட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியவர்களைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். கிடைத்த பதில்தான் போதவில்லை.

சுமாத்ராவின் மராபி வேறு கதை. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இது வேறு மலை. புக்கிட்டிங்கி நகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே 2011 முதல் இரண்டாம் நிலை எச்சரிக்கை அமலில் இருந்தது. எரிமலை வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று கண்காணிப்புத் துறை சொல்லிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம், அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் அரசு அலுவலகம் மலையேற ஆன்லைனில் அனுமதிச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே அரசின் இடது கை போகாதே என்றது, வலது கை பணம் கட்டிவிட்டுப் போ என்றது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை மதியம் மலை வெடித்தபோது அங்கே 75 பேர் இருந்தார்கள். 24 பேர் செத்தார்கள்.

இங்கேதான் மாரிஜானை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் கையில் அரண்மனை நியமனம் இருந்தது. இவர்கள் கையில் கியூஆர் கோடு. மலையை அறிந்தவர்கள் சொன்னதை இருவருமே ஒதுக்கிவிட்டு, மலையைப் பற்றி எதுவும் அறியாத ஓர் அதிகாரத்தின் முத்திரையை நம்பினார்கள். சுல்தானின் முத்திரைக்குச் சுடுமேகம் அடங்காது என்று சிரித்த நாம், டிக்கெட்டுக்கு அடங்கும் என்று எதை வைத்து நம்பினோம்? செத்த இளைஞர்கள்மேல் பழி போடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டு விற்றவர்கள்தான் முதல் குற்றவாளிகள். ஆனால் பகுத்தறிவு என்று மார்தட்டுகிற ஒருவருக்கு, "டிக்கெட் கொடுத்தார்களே" என்ற பதில் போதாது. "பெரியவங்க சொல்லிட்டாங்க" என்பதைத்தான் நாம் நூறு ஆண்டாக எதிர்த்து வந்திருக்கிறோம்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். இருவரையும் தராசில் வைத்தால் கிழவர் பக்கம்தான் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒரு கடமை இருந்தது. தப்பான கடமை, ஆனாலும் கடமை. வீடு அங்கே, சொந்தம் அங்கே, வாழ்நாள் முழுக்க அந்தச் சரிவு. உச்சிக்கு ஏறுகிறவருக்கு என்ன இருந்தது? சனிக்கிழமை இருந்தது.

என் உயிர், என் விருப்பம், உங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். தன் உயிரைத் தனக்குப் பிடித்ததில் பணயம் வைக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. 2015இல் மெராபியின் உச்சிப் பாறைமேல் ஏறிய ஒரு கல்லூரி மாணவர் கால் தவறி எரிமலை வாய்க்குள் விழுந்து இறந்தார். உடலை எடுக்க மீட்புக்குழுவினர் அதே வாய்க்குள் கயிறு கட்டி இறங்கினார்கள், நச்சுவாயு மூச்சில் ஏறும் இடத்தில். சுமாத்ராவில் மீட்பாளர்கள் சாம்பலுக்குள் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே மலை மறுபடி கக்கியது. வேலையை நிறுத்தி நிறுத்தித் தொடர வேண்டியிருந்தது. தூக்குப்படுக்கையில் பிணத்தை வைத்து அந்தச் செங்குத்துச் சரிவில் இறக்குகிறவனுக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறது. அவன் எந்த டிக்கெட்டும் வாங்கவில்லை. மாரிஜானின் நம்பிக்கை அவரை மட்டும் கொன்றிருந்தால் அது அவர் சொந்த விஷயம். அவரை நம்பி இறங்காமல் இருந்த அக்கம்பக்கத்தாரையும், ஆட்களை இறக்கப் போன தொண்டரையும் சேர்த்துக் கொன்றதுதான் அதன் குற்றம். அந்தத் தீர்ப்பை அவருக்கு எழுதினால், உச்சியில் செல்ஃபி எடுக்கப் போனவருக்கும் அதே தாளில்தான் எழுத வேண்டும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும்: "நான் மூணு தடவை போய்ட்டு வந்தாச்சு, ஒண்ணும் ஆகலையே." இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் படித்தவர், ராசிபலன் பார்க்காதவர். 2006இல் பிழைத்த மாரிஜானின் வாதமும் இம்மி பிசகாமல் இதுதான். பிழைத்துத் திரும்பியவர் மட்டும்தான் சாட்சிக்கூண்டில் ஏறிப் பேசுகிறார். திரும்பாதவர் பேச வருவதில்லை. மூன்று முறை வெடிக்காத மலை நான்காம் முறை வெடிக்காது என்பதற்கு அந்த மூன்றில் ஒரு துளி ஆதாரமும் இல்லை. பூனை குறுக்கே போன நாளில் பஸ் கவிழ்ந்தது என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், பூனை இல்லை என்பது மட்டும்தான்.

அதற்காக மலைக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. காலியுராங்கில் நின்று மலையைப் பாருங்கள், ஜீப்பில் ஏறிக் கூவுங்கள், ஓட்டுகிறவருக்குக் கூலியை மிச்சம் பிடிக்காமல் கொடுங்கள். ஆபத்தான ஆசை எல்லாமே மடமை என்று பேசுகிற பகுத்தறிவு வறட்டுத்தனமானது. கேட்பதெல்லாம் இரண்டு: மலையைக் கண்காணிப்பவர் இன்று என்ன சொல்கிறார் என்று பார்ப்பது, நமக்கு ஏதாவது ஆனால் யார் ஏறி வர வேண்டியிருக்கும் என்று நினைப்பது.

சரிவில் வாழும் மக்களிடம் நம் ஆட்கள் வைக்கும் குற்றச்சாட்டும் ஒன்று பாக்கி இருக்கிறது: எச்சரித்தும் இறங்க மாட்டேன் என்கிறார்கள், அறியாமை. 2010இல் முகாமுக்கு இறங்கிய பலர் தினமும் காலையில் ஆபத்து எல்லைக்குள் திரும்பிப் போனார்கள். சாமி கும்பிடப் போகவில்லை. தொழுவத்தில் கட்டிய கறவை மாட்டுக்குப் புல் போடப் போனார்கள். அந்த மாடுதான் அந்தக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு. மாட்டைச் சாகவிட்டு முகாமில் உட்கார்ந்தால் அடுத்த மாதம் என்ன சாப்பிடுவது என்று அவர்கள் போட்டது பச்சைக் கணக்கு. அரசுக்கு அது பிறகுதான் உறைத்தது. அதிபரே முன்வந்து, மாடுகளை அரசு விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்.

2020 நவம்பரில் மெராபிக்கு மறுபடி மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்தது. உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் அருகிலுள்ள காலிதெங்கா லோர் ஊரிலிருந்து முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் முதலில் கிளாகாஹார்ஜோ முகாமுக்கு இறங்கினார்கள். இந்தமுறை மாடுகளுக்கும் கீழே பொதுத் தொழுவம் தயாராக இருந்தது. மாட்டை வண்டியில் ஏற்றிக் கீழே கட்டினார்கள். எந்தப் பூசாரியோடும் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

மூடிய உச்சிப் பாதையில் மட்டும் இன்றும் இரவோடு இரவாக ஏறுகிறவர்கள் பிடிபட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், கையில் நல்ல கேமரா வைத்த போன். மாட்டுக்காரருக்குத் தொழுவம் கட்டிக் கொடுத்தால் இறங்கிவிடுகிறார். இவர்களுக்கு எதைக் கட்டிக் கொடுத்து இறக்குவது?